இடது செருப்புக் கையிருப்பு

வெள்ளந்திப்பட்டிக்காரர்களுக்கு அறிவு இல்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வது அபாண்டம். அறிவு இருக்கிறது. செலவழிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். பாட்டன் காலத்து அறிவுகூட இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

அந்த ஊர்க் கல்லூரியில் வணிகவியல் படித்தவர்கள் ஆவுடையப்பன், மாசிலாமணி, சுடலைமுத்து என்ற மூன்று நண்பர்கள். ‘நிதி நிறுவனங்களும் சந்தைகளும்’ என்ற பாடத்தில் மூவரும் ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தார்கள். மற்ற இருவருக்கும் அதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆவுடையப்பனுக்கு உண்டு. அவனுடைய மாமா பூதலிங்கம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்ன சொல்லில் ஓர் எழுத்தும் மாற்றாதவர். அவர் சொல்லியிருந்தார்:

“மருமவனே, இந்தத் தடவை பாஸாயிட்டேன்னா வலது காலை எடுத்து வச்சு என் வீட்டுக்குள்ள வா. செண்பகத்தைக் கட்டித் தாரேன். பாஸாகலைன்னா வாசப்படிக்கு அந்தப் பக்கமே நின்னுக்கோ.”

செண்பகமும் ஜன்னல் வழியாக, “அத்தான், இந்தத் தடவையாவது புஸ்தகத்தைத் திறந்து வச்சுப் படிங்க” என்று சொல்லியிருந்தாள். இவன் திறந்து வைத்தான். அடுத்து என்ன செய்வதென்று அவள் சொல்லவில்லை.

பாடம் எடுத்தவர் திலகவதி மேடம். நல்லவர், ஆனால் வெளியூர்க்காரர். தான் சொல்வதை மாணவர்கள் அப்படியே செய்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

“நிதி நிறுவனத்தோட வேலை என்ன? ஊர்ல சும்மா கிடக்கிற சேமிப்பைத் திரட்டித் தேவைப்படுறவங்ககிட்ட சேர்க்கிறது. வாங்கினதுல பாதியைக் கையிருப்பாப் பூட்டி வைங்க. மீதியைக் கடனா விடுங்க. நீங்க மூணு பேரும் மாதிரி வங்கி ஒண்ணு நடத்தணும். காசு மட்டும் வேண்டாம். போன வருஷம் காசை வச்சு நடத்தினவங்க, வங்கியைப் பிரியாணியாச் சாப்பிட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை வெளித் தேர்வாளர் வருவார். அன்னிக்கு வங்கி விழாம நின்னா ஹால் டிக்கெட்ல கையெழுத்துப் போடுவார். விழுந்தா அடுத்த வருஷம்தான்.”

மூவரும் சும்மா கிடக்கிற சேமிப்பைத் தேடிப் புறப்பட்டார்கள். கணினி அறை வாசலில் சுடலைமுத்து நின்றான். செருப்போடு உள்ளே போகக் கூடாது என்பது அங்கே விதி. வாசலில் குவியல் குவியலாகச் செருப்பு.

“ஏலே, இதெல்லாம் இங்க என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யலை” என்றான் மாசிலாமணி.

“எவ்வளவு நேரமா?”

“மூணாவது பீரியட்லேர்ந்து.”

“அப்ப சும்மாதானே கிடக்கு?”

மூவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஒரு பெஞ்சு, ஒரு இரும்பு அலமாரி, ஒரு பலகை. வங்கி திறந்தாகிவிட்டது. பாதியை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் விவாதம் வந்தது.

“பாதிப் பேரோட செருப்பைப் பூட்டிருவோம்” என்றான் சுடலைமுத்து.

“மீதிப் பேர் சண்டைக்கு வருவான்லே. வங்கின்னா நியாயம் வேணும். ஒவ்வொரு ஜோடியிலயும் பாதி” என்றான் மாசிலாமணி.

“எந்தப் பாதி?”

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்தான். வருங்கால மாமனாரின் வாசற்படி அவன் கண்முன் வந்தது. “சந்தையில எதுக்குக் கிராக்கின்னு பாரு. கல்யாண வீடு, புது வீடு, மாமனார் வீடு… எங்கயாவது இடது காலை எடுத்து வச்சு வாங்கன்னு கூப்பிடுதாங்களா? வலதுக்குத்தாம்லே தேவை. வலதைக் கடனா விடு. இடதைப் பூட்டு.”

இப்படியாக இடது செருப்புகள் அலமாரிக்குள் போயின. வலது செருப்புகள் வார் அறுந்தவர்களுக்கும் வழியில் போனவர்களுக்கும் கடனாகப் போயின.

கணினி அறையிலிருந்து மாணவர்கள் வெளியே வந்தார்கள். “எங்க செருப்பு எங்கே?”

“இடது பத்திரமா இருக்கு. வலது சந்தையில உழைச்சுக்கிட்டு இருக்கு.”

“அப்ப நாங்க எதைப் போட்டுக்கிட்டுப் போக?”

“வேற ஆளோட வலது இருக்கு. கடனாத் தாரோம்.”

அவர்களும் வெள்ளந்திப்பட்டிப் பிள்ளைகள்தானே? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். கடன் கொடுக்கக் கொடுக்கக் கடன் கேட்பவர் கூட்டம் பெருகியது. அறிஞர்கள் இதைக் கடன் பெருக்கம் என்பார்கள். தடித்த புத்தகங்களில் வளைகோடு போட்டுக் காட்டுவார்கள். இங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடியே நடந்தது.

ஒரே ஒருத்தன் மட்டும், “இடதையாவது கொடுங்களேன்” என்று கேட்டான்.

“கொடுத்தா கையிருப்பு குறையும். குறைஞ்சா வங்கி விழும். விழுந்தா உன் வலது திரும்பி வருமா?” என்றான் மாசிலாமணி. கேட்டவன் அறியாமல் பெரும் பாவம் செய்ய இருந்தவனைப் போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

வட்டியும் உண்டு. கடன் வாங்கியவன் செருப்பைத் திருப்பித் தரும்போது பழைய சைக்கிள் டயரில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவர வேண்டும். வங்கி அதைச் செருப்பின் அடியில் ஆணி வைத்து அடித்துவிடும். வலதுக்கு மட்டும்தான். இடதுக்கும் கேட்டவர்களிடம், “உழைச்சது வலது. அலமாரிக்குள்ள தூங்கினதுக்கு ஏது வட்டி?” என்று சுடலைமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். வாரக் கடைசியில் வலது செருப்பெல்லாம் மணைக்கட்டை உயரம். கல்லூரி முழுவதும் இடப்பக்கம் சாய்ந்து நடந்தது. அரசியல் இல்லை, வட்டி.

வெள்ளிக்கிழமை வெளித் தேர்வாளர் நமச்சிவாயம் வந்தார். பளபளவென்று தோல் ஷூ. அதைக் கணினி அறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, திலகவதி மேடத்தோடு மாணவர்களின் கணக்குகளைப் பார்க்க உள்ளே போனார். வெளியே வந்தபோது ஷூ இல்லை.

“என் ஷூ எங்கப்பா?”

ஆவுடையப்பன் எழுந்து நின்று வணங்கினான். “பாதி கையிருப்புல இருக்கு சார். மீதி தென்காசிக்குப் போயிருக்கு.”

“யாரோட?”

“பேர் கேட்கலை சார். தேவை இருக்குன்னு சொன்னான்.”

“எப்ப வரும்?”

“சாயங்கால பஸ்ஸுக்கு. வட்டியோட வரும் சார்.”

தேர்வாளர் போட்ட கூச்சல் மைதானம் வரை கேட்டது. பெரிய மனிதரின் ஷூவையே வங்கியால் தர முடியவில்லை என்ற செய்தி பரவியது. கடன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொந்தச் செருப்புக்காகக் கல்லூரியே வெறுங்காலில் திரண்டு வந்தது. “எங்க செருப்பு! எங்க செருப்பு!” பெஞ்சு ஆடியது. பலகை சாய்ந்தது.

ஆவுடையப்பன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஹால் டிக்கெட் போனால் தேர்வு போச்சு. தேர்வு போனால் செண்பகம் போச்சு.

“மாசி, கூட்டம் வந்தா என்ன செய்யணும்னு மேடம் சொன்னாங்க?”

“நம்பிக்கை ஊட்டணும்னு சொன்னாங்க.”

“எப்படி ஊட்டுறது?”

“கையிருப்பைத் திறந்து காட்டணும்.”

அலமாரி திறக்கப்பட்டது. உள்ளே மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை இடது செருப்புகள், சந்தனப்பொட்டு வைத்து, ஆயுத பூஜைக்கு அடுக்கியதுபோல. நடுநாயகமாகத் தேர்வாளரின் இடது ஷூ. ஒவ்வொருவனும் எட்டிப் பார்த்துத் தன் செருப்பைக் கண்டுபிடித்தான். “இருக்குலே!” “என்னோடதும் இருக்கு!” பெருமூச்சு விட்டார்கள். கலைந்து போனார்கள். ஒருவனும் எடுக்கவில்லை. இருக்கிறது என்று தெரிந்த பிறகு எதற்கு எடுக்க?

நமச்சிவாயம் வெறுங்காலோடு வந்து தன் இடது ஷூவை எட்டிப் பார்த்தார். “முப்பது வருஷமா இந்தப் பாடம் நடத்துறேன்” என்று மேடத்திடம் மெல்லச் சொன்னார். “இவங்களுக்குப் புரியலையா, நமக்கா?” வங்கி விழவில்லை என்பதை மறுக்க அவரால் முடியவில்லை. மூன்று ஹால் டிக்கெட்டிலும் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு நாள் வந்தது. வங்கியை மூடி, செருப்புகளை எல்லாம் உரியவர்களிடம் சேர்த்தாகிவிட்டது. மூவரும் சொந்தச் செருப்பில் தேர்வுக் கூடத்து வாசலுக்கு வந்தார்கள்.

“செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க” என்றார் கண்காணிப்பாளர்.

மூவரும் செருப்போடு பின்வாங்கினார்கள். வெளியே விட்ட செருப்புக்கு என்ன கதி நேரும் என்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

“விடாதலே” என்றான் சுடலைமுத்து. “சும்மா கிடக்குன்னு எவனாவது வங்கி திறந்துருவான்.”

“உள்ள போகலைன்னா செண்பகம்?” என்றான் ஆவுடையப்பன்.

பாடம் கைகொடுத்தது. பாதி கையிருப்பு, பாதி சந்தை. வலது செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இரட்டைக் கதவின் அகன்ற நிலைப்படியில் மூவரும் குதிரை மேல் உட்காருவதுபோல வரிசையாக உட்கார்ந்தார்கள். வலது கால் கூடத்துக்குள்ளே. செருப்பு மாட்டிய இடது கால் வெளியே. வலது கையால் எழுதினார்கள். தேர்வு முடிந்ததும் கண்காணிப்பாளர் வருகைத் தாளில் மனச்சாட்சிப்படி குறித்தார்: ‘மூவரில் வந்தவர்கள், ஒன்றரை.’

பல்கலைக்கழகம் மேலிடத்திலிருந்து வந்ததையும் கீழிடத்திலிருந்து வந்ததையும் கேள்வி கேட்காத இடம். முடிவு வந்தது: தேர்ச்சி, ஒன்றரை.

“ஒருத்தன் முழுசா, ஒருத்தன் பாதியா?” என்றான் மாசிலாமணி.

“அது அநியாயம். ஆளுக்குப் பாதி. உள்ள இருந்த பாதி பாஸ். வெளிய இருந்த பாதி ஏப்ரல்ல எழுதட்டும்” என்றான் சுடலைமுத்து.

ஆவுடையப்பன் மாமா வீட்டுக்கு ஓடினான். பூதலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விவரத்தை இரண்டு முறை கேட்டார். “வலது பாதி பாஸ். சரி, சொன்னபடி வலது காலை எடுத்து வச்சு உள்ள வா. இடது?”

“ஏப்ரல்ல எழுதுது மாமா.”

“அதுவரைக்கும் அது அந்தப் பக்கமே நிக்கட்டும்.”

தை மாதத்திலேயே முகூர்த்தம். மாப்பிள்ளை நிலைப்படியில் வலது கால் உள்ளே, இடது கால் வெளியேயாக நின்றான். அவனால் அக்கினியை வலம்வர முடியாததால், ஐயர் அக்கினியைச் சட்டியில் ஏந்திக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகப் போய், வீட்டைச் சுற்றி வந்து, மாப்பிள்ளையை வலம்வந்தார். செண்பகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலை குனிந்தாள். கெட்டிமேளம் முழங்கியது.

மூன்று முடிச்சில் ஒன்றரை போட்டார்கள். மீதி ஒன்றரை கையிருப்பில் இருக்கிறது.