கிணற்றில் கூப்பிடாத பெயர்

அந்த ஊரில் இரண்டாயிரம் ஆண்டுகளாக அடுப்பு எரியாத நாள் இல்லை. அந்த ஊருக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களைச் சிவநேசர் வரிசையாக எழுதி வைத்திருந்தார். முதலில், வடக்கேயிருந்து வந்த மன்னன் ஊரைக் கொளுத்தினான். இரண்டாவது, சொந்த மன்னனே மதிலை இடித்து அந்தக் கல்லில் தனக்கு மாளிகை கட்டிக்கொண்டான். மூன்றாவது, பஞ்சத்தில் வணிகர்கள் நெல்லைப் பூட்டி வைத்தார்கள். நான்காவது, கப்பலில் வந்தவர்கள் ஆற்றை வேறு பக்கம் திருப்பினார்கள். ஐந்தாவது, நம்மவர்களே குளங்களைத் தூர்த்து மனை போட்டார்கள்.

சிவநேசருக்கு அறுபது வயது. ஊர்க் கிணறும் ஊர்ப் பதிவேடும் அவர் பொறுப்பில் இருந்தன. அவருடைய குரு செங்கமலத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊர் அதைச் சொல்லிச் சிரித்தது. அவர் பொருட்படுத்தவில்லை.

ஒரு நாள் சிவநேசர் குருவிடம் பட்டியலைப் படித்துக் காட்டிவிட்டுக் கேட்டார்.

“ஐந்து முறை கொன்றிருக்கிறார்கள், அம்மா. இந்த ஊர் ஏன் சாகவில்லை?”

செங்கமலம் எழுந்து கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் சேந்திச் சிவநேசர் கையில் ஊற்றினார்.

“குடியும்.”

குடித்தார்.

“எப்படி?”

“இனிக்கிறது. போன சித்திரையில்தானே தூர் வாரினோம்.”

“வாரினோமா? நீர் இறங்கினீரா?”

“நான் எங்கே இறங்க? ஆள் இறங்கினான்.”

“எந்த ஆள்?”

சிவநேசர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். “செத்துப் போனானே, அவன்.”

“இறங்கியவர் பெயரை மேலே நிற்பவர் விடாமல் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் உடனே கயிற்றை இழுக்க வேண்டும். இந்தக் கிணற்றின் வழக்கம் அதுதானே?”

“கூப்பிட்டேன்.”

“என்னவென்று?”

“குட்டையா என்று.”

“அது பெயரா?”

“எல்லோரும் அப்படித்தான்...”

“நான் எல்லோரையும் கேட்கவில்லை.”

சிவநேசர் கிணற்றுக்குள் பார்த்தபடி சொன்னார்.

“அவன் பெயரும் என் தகப்பனார் பெயரும் ஒன்று. கீழத்தெருக்காரனை அப்படிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. இறங்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: ‘இன்னிக்காவது பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சாமி. குட்டையான்னா பதில் சொல்ல மாட்டேன்.’ நானும் சிரித்தேன். பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். சத்தமே இல்லை. வீம்பு பிடிக்கிறான் என்று நினைத்து...”

“நினைத்து?”

“வெற்றிலை போட்டேன்.”

செங்கமலம் வாளியைக் கீழே வைத்தார்.

“பதிவேட்டில் என்ன எழுதினீர்?”

“ஆள் ஒன்று. குடிபோதையில் தவறி விழுந்து சாவு.”

“குடிப்பாரா?”

“இல்லை. உள்ளே விஷக்காற்று. அவன் மனைவி மாடத்தி வாரா வாரம் வந்து நிற்கிறாள். பிள்ளைகளைக் குடிகாரன் மக்கள் என்கிறார்களாம். திருத்தச் சொல்கிறாள். அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிடுகிறேன்.”

“உம் பட்டியல் ஐந்தோடு முடிந்துவிட்டதா?”

“நாளைக் காலை எல்லோரையும் இங்கே வரச் சொல்கிறேன்,” என்றார் சிவநேசர்.

மறுநாள் காலை கிணற்றடியில் கயிறு பிடிப்பவர்கள் கூடினார்கள். தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். மாடத்தி தள்ளி நின்றாள்.

சிவநேசர் பதிவேட்டைப் பிரித்தார். “போதை என்று எழுதியது பொய். எழுதியவன் நான். விஷக்காற்றில் இறந்தார். நேரத்தில் கயிற்றை இழுக்காதவனும் நான். இறந்தவர் பெயர்...”

உதடு மட்டும் அசைந்தது.

“என்ன சாமி, வெற்றிலை அடைக்குதா?” என்றான் கயிறு பிடிப்பவன் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

“அவுக பேரை நான் சொல்லக் கூடாது,” என்றாள் மாடத்தி. “கட்டினவ வாயால சொல்றது எங்க வழக்கமில்ல. நீங்கதான் சொல்லணும்.”

சிவநேசர் குருவைப் பார்த்தார்.

“கிணற்றின் அடிவரை கேட்கும்படி படியும்,” என்றார் செங்கமலம்.

சிவநேசர் படித்தார்.

“கீழத்தெரு காத்தமுத்து மகன், தருமலிங்கம்.”