இன்னும் கொஞ்சம் சோறு

"அம்மா, எங்க அப்பா செத்து இருபத்தோரு வருஷம் ஆச்சு. இன்னும் அவர் குரல்லதான் நான் வீட்ல பேசுதேன்."

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் இதைத்தான் சொன்னார். அவருக்கு வயது நாற்பத்தொன்பது. டவுனில் பெயின்ட் கடை. மனைவி பகவதி மகளை அழைத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிறது.

குரு என்றால் வெள்ளைத் தாடியும் புலித்தோலும் இருக்கும் என்று நம்பி மலையடிவாரத்து அந்த மடத்துக்கு வந்திருந்தார். அங்கே குருவாக இருந்த தவமணியம்மாள் அவரைவிடப் பத்து வயது சின்னவர். கையில் சோற்றுக் கரண்டி வைத்திருந்தார்.

"வீட்ல என்ன சொல்லுதாங்க, அண்ணாச்சி?"

"நான் இங்க தங்கியிருப்பேன்னு சொல்லி அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை இங்க வருதா. மகளையும் கூட்டிட்டு. திரும்பி வரணுமா வேண்டாமான்னு அன்னைக்குச் சொல்லுவாளாம்."

"இன்னைக்கு வியாழன்."

"அதான் பயமா இருக்கு. தூக்கமே இல்ல."

"வேற யார்கிட்டயாவது போனீங்களா?"

"கவுன்சிலிங் போனேன். ரெண்டு வாட்டி நல்லாத்தான் போச்சு. மூணாவது வாட்டி அப்பாவைப் பத்திக் கேட்டாங்க. எந்திச்சு வந்துட்டேன்."

"நான் ஒண்ணும் கேட்கல. சாப்பிட வாங்க."

*

அந்த மடத்தில் சாப்பாட்டுக்கு இரண்டே விதிகள்.

கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. பரிமாறுகிறவர் "இன்னும் வேணுமா" என்று உபசாரம் பண்ண மாட்டார். வேண்டுகிறவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

கூடத்துக்கு ஒரே வாசல். ஆவுடையப்பன் அதற்கு நேர் எதிரே, கடைசிச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தார். இடது கையைத் தட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டார். நாலு நிமிடத்தில் தட்டு காலி.

மற்றவர்கள் முடிக்க இன்னும் இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயிறு நிறைஞ்சுதா?" என்று கேட்டார் தவமணியம்மாள்.

"நிறைஞ்சுதும்மா."

அப்போது பார்த்து அவருடைய வயிறு சத்தம் போட்டது. அதற்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமையும் இதே கதைதான்.

"நாளைக்கு வாசலுக்கு முதுகு காட்டி உட்காருங்க" என்றார் தவமணியம்மாள்.

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. உட்காருங்க."

*

சனிக்கிழமை உட்கார்ந்தார். முதல் கவளம் இறங்கியது. இரண்டாவது கையிலேயே நின்றது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

வெளியே யாரோ செருப்பை உதறிக் கழற்றினார்கள்.

ஆவுடையப்பன் சடாரென்று திரும்பினார். தட்டு கவிழ்ந்தது. வந்தவர் தபால்காரர்.

"முடியலம்மா."

தவமணியம்மாள் வேறு தட்டு வைத்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, ஆவுடையப்பன் தானாகவே சொன்னார்.

"அப்பா மத்தியானம் மில்லு விட்டு வருவார். செருப்பை உதறுத சத்தத்துலயே அன்னைக்கு எப்படின்னு தெரிஞ்சிரும். அதுக்குள்ள தின்னு முடிச்சிரணும். முடிக்கலன்னா தட்டு பறக்கும். அம்மா மேல, இல்ல என் மேல."

"ம்."

"இன்னும் கொஞ்சம் சோறுன்னு நான் யார்கிட்டயும் கேட்டதே இல்லம்மா."

தவமணியம்மாள் தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலை மறித்து உட்கார்ந்தார்.

"யாராவது வந்தா நான் சொல்லுதேன். நீங்க சாப்பிடுங்க."

நாற்பத்தொன்பது வயது மனிதர் சோற்றைப் பிசைந்தபடி அழுதார். யாரும் எழவில்லை. அவர் முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆனாலும் மறுபடி வாசலுக்கு முதுகைக் காட்ட மட்டும் அவரால் முடியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அவர் நிலைகொள்ளவில்லை. பகவதியிடம் சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடித்தல் திருத்தலில் எழுத்து அவருக்கே புரியவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு இருவரும் வந்தார்கள். மகள் தாரிணிக்குப் பதினோரு வயது. அம்மாவின் பின்னால் நின்றாள்.

அவர் தாளை எடுத்தார்.

"அதெல்லாம் அப்புறம்" என்றாள் பகவதி. "பிள்ளைக்குப் பசி."

"ஒரு நிமிஷம் கேளு, பகவதி."

"நீங்க கேளுங்க. எங்க அண்ணன் வீட்ல இவ ரெண்டு வாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுதா. நம்ம வீட்ல ஒரு நாள் கேட்டிருக்காளா? நானும் அவளுக்கு வயிறு அவ்வளவுதான்னு நினைச்சிட்டு இருந்திருக்கேன்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"முடிவை நான் சொல்லப் போறதில்ல. அவ சொல்லட்டும்."

எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் வழக்கமான சுவரோரம். பக்கத்தில் தவமணியம்மாள். எதிர்வரிசையில் பகவதி, அவளை ஒட்டித் தாரிணி.

அவர் சாப்பிடாமல் மகளையே பார்த்தார்.

இடது கை தட்டைச் சுற்றி வளைந்திருந்தது. மெல்லாமல் விழுங்கினாள். நாலு நிமிடத்தில் தட்டு காலி. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

அப்புறம் ஒன்றைக் கவனித்தார். கொஞ்சம் மூச்சு வந்தது.

"அம்மா, அவ வாசலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்கா" என்றார் மெதுவாக. "என்னை மாதிரி வாசலைப் பார்க்கல."

தவமணியம்மாள் மோரை ஊற்றிக்கொண்டார்.

"வாசலை எதுக்குப் பார்க்கணும், அண்ணாச்சி? நீங்க உள்ளதானே இருக்கீங்க."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். தாரிணியின் கண்கள் அவருடைய கைகளின் மேல் இருந்தன.

எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும் போலிருந்தது. இன்னும் பலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எழக் கூடாது. மகளிடம் ஏதாவது சொல்லலாம் என்றால், எந்தக் குரலில் சொல்வது?

அவர் தட்டைத் தூக்கினார். உட்கார்ந்தபடியே திரும்பி, தட்டைச் சுவரோரம் வைத்தார். மகளுக்கும் கூடத்துக்கும் வாசலுக்கும் இப்போது அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

கண்ணுக்கு முன்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். சத்தம் படியேறியது. உள்ளே வந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. அவர் திரும்பவில்லை. சோற்றில் ஒரு கவளம் எடுத்து மென்றார். இன்னொன்று எடுத்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் சோறு."

"யாரு கேட்டது? யாருக்கு?" என்றார் பரிமாறுகிறவர்.

"எனக்கு" என்றாள் தாரிணி, கொஞ்சம் சத்தமாக.