குக்குறுவான் ஏன் எண்ணுவதை விட்டான்

பறவைகளும் பிராணிகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தாளம் தட்டுவதில் குக்குறுவானை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளே கிடையாது. பச்சை இறகு, கட்டை அலகு, கைப்பிடி அளவு உடம்பு. ஆனால் சும்மா இருக்கத் தெரியாத சென்மம். உட்கார்ந்த கிளையை ஒரு நிமிடம் நிம்மதியாக விடமாட்டான்.

அவன் மனைவி செம்மணி முருங்கைமரப் பொந்தில் மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். வாசலை மரப்பட்டையால் அடைத்திருந்தாள். கீழே ஓர் உடும்பு அந்த முட்டைகளுக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தது. அதனால் இருவரும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். பழம் கொண்டுவந்ததும் அவன் பட்டையில் ஒன்று தட்டுவான், மறுபடி ஒன்று, பிறகு இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும். அது சரியாக இருந்தால்தான் அவள் திறப்பாள்.

உடும்பும் வாலால் தட்டிப் பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போனது. வேறு வீடு பாரப்பா என்று செம்மணி உள்ளிருந்தே சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் வந்தது வினை. ஆற்றங்கரையில் ஒரு கச்சேரி. குக்குறுவான் வழக்கமான தாளங்களை வாசித்தான். கூட்டம் கொட்டாவி விட்டது. அவனால் பொறுக்க முடியுமா? வீட்டுக் கணக்கைச் சபையில் அவிழ்த்துவிட்டான். ஐந்து, எட்டு, பதின்மூன்று, இருபத்தொன்று... ஒவ்வொரு கட்டும் முந்தையதைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே நீண்டுகொண்டே போனது. ஓரத்தில் நின்ற சூரியகாந்திகூட வெயிலை மறந்து அவன் பக்கம் திரும்பியது. இதன் சூட்சுமம் என்ன என்று மைனா கேட்டதும், முந்தின இரண்டையும் கூட்டு, அவ்வளவுதான் என்று கட்டுக்கு நடுவிலேயே பீற்றிக்கொண்டான். பாவி, கடைசி வரிசையில் உடும்பு உட்கார்ந்திருந்ததை அவன் பார்க்கவே இல்லை.

உடும்பு நழுவிப் போய் முருங்கையோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தது. தூரத்தில் கடைசிக் கட்டின் ஐம்பத்தைந்து தட்டுகளும் முடிந்தன. கூட்டத்தின் பாராட்டை வாங்கிக்கொள்ள அவன் நிறுத்தினான். தாளம் நின்றதால் கணவன் கிளம்பிவிட்டான் என்று செம்மணி நினைத்தாள். சற்று நேரத்தில் வாசலில் ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு. திறந்துவிட்டாள்.

குக்குறுவான் வந்தபோது பொந்தில் ஓடுகள்தான் கிடந்தன. உடும்போடு போராடியதில் செம்மணியின் நெஞ்சு சிவந்திருந்தது. அவன் அலகை மரத்தில் மோதி மோதி அழுதான். அவள் தடுக்கவில்லை. ஓடுகளைப் பொந்துக்கு வெளியே தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"இனிமே எண்ணாதீங்க. எண்ணினா நடுவுல நிறுத்த வேண்டி வருது. அந்த இடைவெளியிலதான் என் பிள்ளைங்க போச்சு."

மறுபடி முட்டையிட்டால் அவன் எதிர்மரத்தில் காவல் இருக்க வேண்டும், ஒரே தட்டாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவளுக்குப் பயமில்லை. நின்றால் உடும்பு வந்துவிட்டதென்று அர்த்தம். அவனுக்கோ அலகு நைந்துபோயிருந்தது. வாயை மூடிக்கொண்டு தொண்டையாலேயே தட்டத் தொடங்கினான்.

அவன் கைவிட்ட கணக்கைச் சூரியகாந்தி எடுத்துக்கொண்டது. அதன் விதைச் சுழல்களை எண்ணினால் இருபத்தொன்று, முப்பத்துநாலு, ஐம்பத்தைந்து என்றுதான் பெரும்பாலும் வரும்.

அன்று முதல்தான், ஊரே வெயிலுக்கு ஒதுங்கிய நடுமத்தியானத்திலும், குக்குறுவான் எதையும் எண்ணாமல் டுக் டுக் டுக் என்று ஓயாமல் கூவுகிறான். ஒவ்வொரு கூவலுக்கும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி உடும்பைத் தேடுகிறான்.