போதும் என்று சொல்லாத தவளை

காட்டோரக் குளம் ஒன்றில் மேகலை என்ற தவளை தன் முந்நூறு தலைப்பிரட்டைகளோடு வாழ்ந்துவந்தது. ஓடைநீர் குளத்துக்குள் வரும் வழியில் அடர்ந்த நாணல் வேலி இருந்தது. நம் உடம்புக்குச் சிறுநீரகம் எப்படியோ, குளத்துக்கு அந்த வேலி அப்படி. அழுக்கை நிறுத்திவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் உள்ளே விடும்.

ஒருநாள் காட்டுப்பன்றி ஒன்று வேலியைக் கிழித்துக்கொண்டு ஓடியது. கலங்கல் நீர் குபுகுபுவென உள்ளே புகுந்தது.

"கட்டுங்க! கட்டுங்க!" என்று மேகலை கத்தியது.

நண்டுகள் களிமண்ணோடு ஓடிவந்தன. தவளை 'கட்டு' என்றால் அவை மண் பூசும், 'போதும்' என்றால் நிறுத்தும். நிமிர்ந்து பார்க்கும் பழக்கமே அவற்றுக்குக் கிடையாது. உச்சிப்பொழுதுக்குள் ஓட்டை அடைபட்டது.

மேகலை அப்போதே 'போதும்' என்றிருக்க வேண்டும். சொல்லவில்லை. பன்றி மலையேறிப் போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. ஒரு இலை அசைந்தாலும் பன்றிதான் வருகிறது என்று நினைத்தது.

"இன்னும் கட்டுங்க!"

மூன்றாம் நாள், நாணலில் குடியிருந்த பொன்னி என்ற நத்தை பதறிக்கொண்டு வந்தது. "ஏ மேகலை! ஓட்டை எப்பவோ அடைஞ்சுபோச்சு. இப்போ நல்ல நாணலையும் சேர்த்துப் பூசுறாங்க! நிறுத்தச் சொல்லு!"

"நிறுத்திட்டு? பன்றி வந்து என் பிள்ளைங்களை மிதிச்சா நீ தடுப்பியா?"

நத்தை என்ன செய்யும், பாவம்! ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டது.

ஐந்தாம் நாள் குளம் நாறியது. தலைப்பிரட்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"அம்மா, மூச்சு முட்டுது!"

வேலியில் வேறெங்கோ ஓட்டை விழுந்து அழுக்கு வருகிறது என்று மேகலை நினைத்துவிட்டது. முன்னைவிட உரக்கக் கத்தியது. நண்டுகளும் முன்னைவிட வேகமாகப் பூசின.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டதும், நல்ல தண்ணீர் தேடி வேலியோரம் போனது. அங்கே ஒரு சொட்டுகூட வரவில்லை. வேலி இருந்த இடத்தில் சுவர் நின்றது. அதற்கு அப்பால் ஓடை வேறு பக்கம் திரும்பி ஓடும் சத்தம் கேட்டது.

"ஐயோ, போதும்! போதும்! பிரிச்சு எடுங்க!"

நண்டுகள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தன. அவையும் பயந்துபோய்க் கொடுக்கால் கொத்தின. ஈரம் காயாத ஓரத்து மண் மட்டும் உதிர்ந்தது.

"மிச்சமெல்லாம் இறுகிப்போச்சு, தாயி! நாணல் வேரும் உள்ளேயே செத்துப்போச்சு. இனி அங்கே எதுவும் முளைக்காது," என்றது ஒரு நண்டு.

ஓரத்தில் நூல்போல நீர் கசிந்தது. உயிரோடிருந்த பிள்ளைகள் அங்கே வந்து ஒட்டிக்கொண்டன. எண்பதுகூட இல்லை. மேகலை மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தது. யாரும் வரவில்லை.

காயத்தை ஆற்ற எழுந்த குரல் காயம் ஆறியதும் அடங்காவிட்டால், தழும்பே உயிரைக் குடித்துவிடும்.