கண்டக்டர் காதில் விசில்

காது மெஷினுக்கு மோல்டு செய்யும் கூடம் ஒன்றை ஹபீபா நடத்திவந்தாள். மோல்டு என்பது காதுக்குள் இடைவெளி இல்லாமல் உட்காரும் சின்னத் துண்டு. பாகு போன்ற அக்ரிலிக் ரெசினைக் கண்ணாடி போலத் தெரியும் அச்சில் ஊற்றி, புற ஊதா விளக்கில் காட்டினால் அது கெட்டிப்படும். அவளிடம் வேலை கற்க வந்த நல்லதம்பிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

ஒரு நாள் டவுன் பஸ் கண்டக்டர் சிங்கராயர் காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தார். அவர் காதில் மெஷின் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது.

"கேக்குதா? பஸ் முழுக்கக் கேக்குது. 'விசிலை வாயில ஊதுங்க கண்டக்டரே, காதுல எதுக்கு'ன்னு ஒருத்தன் கத்துறான். மொத்த பஸ்ஸும் சிரிக்குது. நாளையிலேருந்து பஸ்ல ஏறாதே, டிப்போவுல உக்காருன்னுட்டாரு மேனேஜர். நான் என்ன தப்பு பண்ணேன்?"

"சரியா மாட்டலைன்னா அப்படித்தான் கத்தும்," என்றான் நல்லதம்பி.

"என் காதுல எனக்கு மாட்டத் தெரியாதா?"

நல்லதம்பி வார்த்துக் கொடுத்திருந்த மோல்டை ஹபீபா கழற்றி வாங்கினாள். அதை வார்த்த அச்சிலேயே திரும்ப வைத்தாள். லொடலொடவென்று ஆடியது. அந்த இடைவெளி வழியே கசிந்த சத்தம் திரும்ப மெஷினுக்குள் போய்த்தான் கீச்சிட்டிருக்கிறது.

நல்லதம்பிக்கு முகம் சிவந்தது.

"ரெசின்னா சுருங்கத்தான் செய்யும் அக்கா. கம்பெனிக்காரனைக் கேளுங்க. என்னை ஏன் முறைக்கிறீங்க?"

"விளக்கை எப்படி வச்சே?"

"எடுத்ததுமே முழு வெளிச்சம். சட்டுனு முடிஞ்சிடும்ல?"

அவள் அதே ரெசினை அதே அச்சில் ஊற்றினாள். விளக்கை மங்கலாக்கி அடியிலிருந்து காட்டினாள். அடியில் கெட்டிப்பட்டுச் சுருங்கச் சுருங்க, மேலே இளகியிருந்த ரெசின் இறங்கி அந்த இடத்தை நிரப்பியது. கடைசியில்தான் முழு வெளிச்சம்.

சிங்கராயர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நல்லதம்பிதான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புது மோல்டை மாட்டி, அவர் காதருகே உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தாள் ஹபீபா. கசிவிருந்தால் அப்போதே கத்தும்; சத்தமில்லை. தலையை ஆட்டச் சொன்னாள். அப்போதும் இல்லை.

"நேரா மேனேஜர் ரூமுக்குத்தாம்மா போறேன். அவர் முன்னாடியே நிக்கிறேன். கத்துதான்னு அவரே கேட்டுப் பாக்கட்டும்," என்று கிளம்பினார் சிங்கராயர்.

அவர் போனதும் நல்லதம்பி பழைய மோல்டை மேசையில் விட்டெறிந்தான்.

"ஒரு மயிரிழைதான் அக்கா வித்தியாசம். இதுக்குப் போயி அந்தாளு இவ்வளவு கத்தணுமா?"

ஹபீபா விளக்கை அணைத்தாள்.

"அந்த மயிரிழை வழியாத்தான் தம்பி, ஒரு பஸ்ஸே உள்ள பூந்து சிரிச்சிருக்கு."