பத்தாவது விதி

பெருநகரம் முடிகிற இடத்தில் நாவலேரி இருக்கிறது. பாதி ஊர் அடுக்குமாடி. மீதி ஓட்டு வீடுகள். நடுவில் ஏரி.

ஏரிக்கரைக் குடிசையில் லைன்மேன் சாமி இருந்தார். மின்வாரியத்தில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பகலில் கம்பத்திலிருந்து இறங்கி, கையுறையைக் கழற்றி இடுக்கியின் மேல் வைத்துவிட்டு, கரைக்கு வந்து உட்கார்ந்தார். அப்புறம் வேலைக்குத் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "மேலேருந்து ஊரைப் பார்த்துட்டேன்" என்பார். அதற்கு மேல் சொன்னதில்லை. இப்போது வயது நாற்பத்தொன்று.

அவரிடம் வந்துபோகிறவர்களில் தமயந்தி ஒருவர். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் இறந்த வருடம் யாரோ சொல்லி அந்தக் குடிசைக்கு வந்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். எட்டு வருடமாக வந்துகொண்டிருக்கிறார். தன்னைவிட இருபத்திரண்டு வயது சிறியவரைக் குரு என்று சொல்ல அவருக்குக் கூச்சம் இல்லை.

இந்த வருடம் தமயந்தி நகர்மன்றத் தலைவரானார்.

ஒரு விடியற்காலையில் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். ஏரி தெரியவில்லை. பனி மட்டும் இருந்தது.

"என்ன கட்டும்மா அது?"

"வேலைப் பட்டியல் சாமி. முப்பத்தோரு வார்டிலேருந்தும் வந்திருக்கு. இருநூத்திப் பதினாலு வேலை."

"செய்யலாமே."

"மழைக்கு முன்னாடி பெரிய வேலை ஒண்ணுதான் முடியும்னு இன்ஜினியர் சொல்றார். எதை எடுத்தாலும் மேலே 'முதல் வேலை'ன்னு எழுதியிருக்கு."

"நீங்க எழுதினதுல?"

தமயந்தி சற்றுத் தயங்கினார். "என் வார்டுப் பூங்காவுக்கு நானும் அப்படித்தான் எழுதினேன்."

சாமி எழுந்தார். கரையில் மீன் பிடிக்கிறவர்களின் மிதவை கிடந்தது. லாரி ட்யூப் இரண்டின் மேல் பலகை கட்டியது. அதைத் தண்ணீரில் தள்ளினார்.

"ஏறுங்க."

"இந்த வயசுலயா?"

"காகிதக் கட்டை அங்கேயே வெச்சிட்டு ஏறுங்க."

மிதவை பனிக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் கரை மறைந்தது. எங்கோ ஒரு நீர்க்கோழி கூப்பிட்டது. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. பலகை நகர்கிறதா நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

"கண்ணை மூடிக்கோங்க" என்றார் சாமி. "நீங்க இப்போ மழை. விழுங்க."

தமயந்தி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. எங்கோ உயரத்திலிருந்து விழுவது போலிருந்தது. பைபாஸ் ரோட்டின் மேல் விழுந்தார். அது வழுக்கிவிட்டது. அடுக்குமாடிகளின் மொட்டைமாடியில் விழுந்து குழாய் வழியாக இறங்கினார். புது காலனியின் சிமெண்ட் தரை அவரை வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றினார். மார்க்கெட்டைத் தாண்டினார். போகப் போகக் கனம் கூடியது. ஏரியின் வாசனை வந்தது. போய்ச் சேர்ந்துவிடலாம் என்று இருந்தது. அப்போது வழி முடிந்துபோனது. ஒரு தெரு. இரண்டு பக்கமும் தாழ்ந்த வாசல்கள். அவருக்கு ஒரு வாசலுக்குள் போவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளே யாரோ ஒருவர் படுத்திருந்தார்.

கண்ணைத் திறந்தார்.

"எங்கே நின்னீங்க?"

"தாழம்பூ தெருவுல."

சாமி மிதவையைத் திருப்பினார்.

அடுத்த கூட்டத்தில் தமயந்தி முதலில் தன் பூங்காவைப் பட்டியலிலிருந்து அடித்தார். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் வார்டு அலங்கார வளைவை அடித்தார். இன்னொருவர் முனகிக்கொண்டே நடைபாதையை அடித்தார். மூன்று கூட்டம் ஆனது. கடைசியில் தாழம்பூ தெருவிலிருந்து ஏரிக்கு ஒரு வாய்க்கால் என்ற வரி முதலில் வந்து நின்றது.

அதே வாரம் மன்றம் தனக்கென்று பத்து நடத்தை விதிகளும் எழுதிக்கொண்டது. ஒன்பது விதிகள் சுலபமாக முடிந்தன. பத்தாவது இது: தனக்கோ தன்னைச் சேர்ந்தவருக்கோ சம்பந்தப்பட்ட விஷயம் மன்றத்துக்கு வந்தால், அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும்.

"சேர்ந்தவர்னா யார் மேடம்?" என்று கேட்டார் துணைத் தலைவர் இருதயராஜ். "பெண்டாட்டி, பிள்ளை, அண்ணன் தம்பி. சரி. மச்சான்?"

"மச்சானும்தான்."

"சம்பந்தி?"

"எழுதிக்கோங்க."

"மனசால சேர்ந்தவங்க?"

அறையில் சிலர் சிரித்தார்கள். தமயந்தி சிரிக்கவில்லை.

"அதை அவங்கவங்கதான் சொல்லணும்" என்றார்.

பத்து நாள் கழித்து சர்வேயர் வாய்க்கால் வரைபடத்தோடு வந்தார். மேசையில் விரித்து, பென்சிலால் ஒரு கோடு காட்டினார்.

"நேரா போனா இதுதான் வழி மேடம். நடுவுல ஒரு குடிசை மட்டும் இருக்கு."

தமயந்திக்கு அது யாருடைய குடிசை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"வேற வழி?"

"குடிசையைச் சுத்தி வளைச்சுக்கிட்டுப் போகலாம். ஆனா வளையுற இடத்துல தண்ணி தேங்கும். தாழம்பூ தெருவுல கடைசி பதினஞ்சு வீட்டுக்குள்ள வரும்."

"எவ்வளவு?"

"முன்னெல்லாம் இடுப்பு வரைக்கும் வந்தது. இனிமே முழங்கால்தான்."

அன்றிலிருந்து தமயந்தி குடிசைக்குப் போகவில்லை. போனால் கேட்டுவிடுவார். கேட்டால் சாமி ஏதாவது சொல்லிவிடுவார். அதன்படிதான் தான் நடப்போம் என்று தமயந்திக்குத் தெரியும். அலுவலகத்துக்குப் போகிற வழி ஏரிக்கரைதான். ஆட்டோவில் போகும்போது மறுபக்கம் பார்த்துக்கொள்வார். சாமியும் ஆள் அனுப்பவில்லை. எட்டு வருடத்தில் இத்தனை நாள் அவர் அங்கே போகாமல் இருந்ததில்லை. காலையில் காப்பி கசந்தது.

வாய்க்கால் விஷயம் மன்றத்துக்கு வந்த நாளில் அவர் எழுந்து நின்றார்.

"அந்தக் குடிசையில இருக்கிறவர் எனக்குக் குரு. நான் இதுல சம்பந்தப்பட்டவ. துணைத் தலைவர் நடத்தட்டும்."

வெளியே நடையில் மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு ஒன்று இருந்தது. தலைவரான பிறகு அவர் அதில் உட்கார்ந்ததில்லை. ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நீங்க தலைவரம்மாதானே?"

"ஆமாம்மா. நீங்க?"

"பவளக்கொடி. தாழம்பூ தெருவுல கடைசி வீடு. எங்க வாய்க்காலைப் பத்திப் பேசறாங்கன்னு சொன்னாங்க. மனு எழுதிட்டு வந்தேன். நீங்க ஏன் வெளியே உக்காந்திருக்கீங்க?"

"எனக்கு வேண்டியவர் விஷயம். நான் உள்ளே இருக்கக் கூடாது."

பவளக்கொடி யோசித்தார். அடுக்குமாடியில் வீட்டு வேலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். சேலை முந்தானை இன்னும் ஈரமாக இருந்தது.

"நீங்க வந்துட்டீங்க. உங்க நாற்காலி உள்ளேதானே இருக்கு?"

"நாற்காலிக்கென்ன?"

"அதைப் பார்த்துக்கிட்டேதானே பேசுவாங்க" என்றார் பவளக்கொடி.

கதவு திறந்தது. இருதயராஜ் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஒருமனதா முடிச்சாச்சு மேடம். வளைச்சே கொண்டு போயிடலாம். சாமி இருக்கிற இடத்துல யாரும் கை வைக்க வேண்டாம். உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா?"

தமயந்திக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது நெஞ்சு முழுக்கப் பரவியது. அது கொஞ்சம் அடங்கிய பிறகு பக்கத்தில் திரும்பினார். பவளக்கொடி தன் மனுவை நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் வீட்டுக்குப் போய் அசந்து தூங்கினார். கனவில் மன்றக் கூடம் வந்தது. தண்ணீர் முழங்கால் வரை நின்றது. முப்பது பேரும் அதில் கால் நனைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அது உறைக்கவில்லை. அவருடைய நாற்காலி மட்டும் மிதந்து மெல்லச் சுற்றியது. அது எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் முப்பது முகமும் திரும்பின. கை தூக்கியபடியே திரும்பின. அவர் கதவருகில் நின்று, நான் இங்கே இல்லை, நான் இங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் அவர் தீர்மானத்தில் கையெழுத்துப் போடவில்லை.

"பத்தாவது விதியை நாம அரைகுறையா எழுதியிருக்கோம்" என்றார். "ஒருத்தர் எழுந்து போனா, அவரோட நாற்காலி காலியா இருக்கக் கூடாது. அந்த முடிவு யார் வீட்டுக்குள்ள போகுமோ அவங்க வந்து அதுல உக்காரட்டும். பேசட்டும். ஓட்டு வேண்டாம். முடிவாகிற வரைக்கும் உக்காந்திருக்கட்டும். அதையும் சேர்த்து எழுதுங்க. அப்புறம் வாய்க்காலை மறுபடியும் எடுங்க."

"அப்படின்னா சாமியும் பாதிக்கப்படுறவர்தான்" என்றார் இருதயராஜ். "அவரையும் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க. நான் போய்ச் சொல்லக் கூடாது."

அலுவலக உதவியாளர் ஏரிக்கரைக்குப் போய்வந்தார். "எனக்கு உக்கார இங்கேயே தரை இருக்கேன்னு சொல்லச் சொன்னார்" என்றார்.

விதியைத் திருத்தி எழுதி முடித்ததும் தமயந்தி மறுபடி வெளியே போனார். ஆள் அனுப்பி வரவழைத்திருந்த பவளக்கொடி உள்ளே போனார். பெஞ்சில் இப்போது தமயந்தி தனியாக இருந்தார். நடையின் கோடியில் மின்விசிறி ஒன்று சத்தமில்லாமல் சுற்றியது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை.

என்ன நடந்தது என்று பிறகு இருதயராஜ்தான் சொன்னார்.

பவளக்கொடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாராம். கைப்பிடியில் கை வைக்கவில்லையாம். என்ன சொல்லணும் என்று கேட்டாராம். தண்ணீர் வந்தால் என்ன ஆகும், அதைச் சொல்லுங்கள் என்றார்களாம்.

"முழங்கால் வரைக்கும்னா பெரிசா ஒண்ணும் இல்லீங்க" என்றாராம். "பழகிட்டோம். அடுப்பைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சுக்குவோம். கட்டில்ல படுத்திருக்கிற மாமனாரை எங்கே வைக்கிறதுன்னுதான் ஒவ்வொரு வருஷமும் தெரியறதில்லை."

அப்புறம் அவர் பேசவில்லையாம். எழுந்து போகவும் இல்லையாம். மன்றம் வெகுநேரம் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததாம்.

"நேர் வாய்க்காலுக்குப் பதினெட்டு. வளைக்கிறதுக்குப் பன்னெண்டு" என்றார் இருதயராஜ். "என் கையும் நேர் வாய்க்காலுக்குத்தான் மேடம். மன்னிச்சுக்கோங்க."

"எதுக்கு மன்னிப்பு" என்றார் தமயந்தி.

வாய்க்கால் வெட்டும் எந்திரம் வருகிற நாளன்று காலையில் அவர் ஏரிக்கரைக்குப் போனார். வானம் தாழ்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. ஏரியும் அதே நிறம். தூரத்தில் இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தெரியவில்லை.

குடிசைக்குள் சாமி உட்கார்ந்திருந்தார். ஒரு பாய், ஒரு சொம்பு, மடித்த வேட்டி இரண்டு. எல்லாம் ஒரு துணிக்குள் அடங்கியிருந்தன. தமயந்தி வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். அந்த இடத்தில் தரை சற்றுக் குழிந்திருந்தது.

"ரொம்ப நாளா வரலை சாமி."

"ம்."

"வரக் கூடாதுன்னுதான் வரலை."

"தெரியும்மா."

தூரத்தில் எந்திரம் மண்ணில் ஏறி வரும் சத்தம் கேட்டது. கூரையிலிருந்து சருகு ஒன்று உதிர்ந்தது.

"வீட்டுக்காரர் போனப்புறம் எனக்கு உக்கார ஒரு இடம்னு இருந்தது இதுதான்" என்றார் தமயந்தி. "இதை நானே இல்லாம பண்ணிட்டேன். வெளியே உக்காந்திருந்தேன்னு பேரு. ஆனா பண்ணினது நான்தான். நான் செஞ்சது சரியா?"

சாமி அவரையே பார்த்தார். பிறகு துணி மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அதை நான் சொல்லலாமா அம்மா? எனக்குச் சம்பந்தப்பட்ட விஷயமாச்சே" என்றார்.

எழுந்து, குனிந்து, வெளியே போனார்.