தூளி கட்டின பாறை

ஒரு ஊர்ல ஒரு சந்தேகக்காரி இருந்தா. பேரு அருளாயி. ஊத்தின பாலை மோந்து பார்ப்பா. பூட்டின கதவை மறுபடி தள்ளிப் பார்ப்பா. தூங்குற பிள்ளையோட மூக்குகிட்ட விரல் வச்சு மூச்சு வருதான்னு பார்ப்பா. ம் சொல்லு... ஆங், அப்படித்தான்.

அது கல்லு உடைக்கிற ஊரு. ஊருக்கு வெளியில பெரிய பாறைச்சுவர். மண்ணும் மணலும் அடுக்கடுக்கா படிஞ்சு இறுகின கல்லு. முன்னாடி நின்னு பார்த்தா கோடு போட்ட நோட்டு மாதிரி வரி வரியா நேரா தெரியும். ஆம்பளைங்க அடியில நெம்பிப் பாளம் பாளமா எடுப்பாங்க, பொம்பளைங்க உளியால சீராக்குவாங்க. அவங்க பிள்ளைங்களுக்குத் தூளி எங்கே தெரியுமா? அந்தப் பாறையிலேயேதான்! ரெண்டு வரிக்கு நடுவுல மெத்துனு இருக்கும், அங்கே முளைக்குச்சி அடிச்சுப் புடவையைக் கட்டிடுவாங்க. அங்கேதானே நிழலு?

ஒரு நாள் அருளாயி நாலு மாசப் பிள்ளையோட மொத மொதல்ல அங்கே வேலைக்கு வந்தா. மூணு நாள் அடைமழை விட்டு, வெயில் சுள்ளுனு அடிக்குது. அவ புருஷன் செபமாலை ணங் ணங்னு முளைக்குச்சியை அடிச்சான்.

"ஆட்டிப் பாரு புள்ள, யானையையே கட்டலாம்."

ஆட்டிப் பார்த்தா. அசையலை. பக்கத்துல ரெண்டு தூளி, அவளோடது மூணாவது.

அப்போ மேஸ்திரி சவரியார் கடப்பாரையை லேசா நெம்பினாரு. பெரிய பாளம் ஒண்ணு சர்ர்ர்ருனு வழுக்கிக்கிட்டு வந்து தொப்புனு விழுந்துச்சு.

"பாத்தீங்களாடா, கல்லு நம்மளைத் தேடி வருது!"ன்னு சிரிச்சாரு.

அருளாயி சிரிக்கலை. கல்லு எதுக்கு நம்மளைத் தேடி வரணும்?

அப்புறம் பாறையைச் சுத்திக்கிட்டு ஓடைப் பக்கம் போனா. அங்கே ஓடை பாறையைக் கேக் வெட்டின மாதிரி அறுத்து வச்சிருக்கு. பக்கவாட்டுல பார்த்தா, அடேயப்பா! முன்னாடி நேரா தெரிஞ்ச வரியெல்லாம் சாய்ஞ்சு கெடக்கு. சரிவுப் பலகையில அடுக்கின தட்டு மாதிரி, தூளி இருக்கிற பக்கமாவே சாய்ஞ்சிருக்கு. உச்சியில நாலஞ்சு வரி மட்டும் மட்டமா படுத்திருக்கு. ரெண்டுக்கும் நடுவுல உருண்டை உருண்டையா கூழாங்கல்லு.

கூழாங்கல்லு ஆத்துல இல்ல கெடக்கும்? அருளாயி யோசிச்சா. கீழ்க்கல்லு மொதல்ல சாய்ஞ்சிருக்கு. அப்புறம் ஒரு ஆறு ஓடி அதோட தலையைச் சீவியிருக்கு. அதுக்கும் அப்புறம்தான் மேல்கல்லு படிஞ்சிருக்கு. நடுவுல எத்தனையோ காலத்துக் கல்லைக் காணோம், நோட்டுல நடுப்பக்கத்தைக் கிழிச்ச மாதிரி! மேல்கல்லு ஒண்ணும் தெரியாத மாதிரி நேரா படுத்துக்கிட்டு, கீழ இருக்கிற சாய்வை மறைக்குது. அந்தச் சாய்வை அடியில தாங்குற கல்லைத்தான் இவங்க தினம் உருவுறாங்க.

ம் சொல்றியா? ம்.

ஓடி வந்து முளைக்குச்சியைத் தொட்டா. ரெண்டு விரலுக்கே கொடகொடன்னு ஆடுது! மத்த இடமெல்லாம் வெயில்ல காஞ்சுடுச்சு, அந்த வரியில மட்டும் தண்ணி கசியுது. களிமண்ணு சோப்பு மாதிரி வழவழன்னு. வரி வாயைத் திறந்துடுச்சு.

"அக்கா, தூளியை அவுருங்க! பாறை சரியப் போவுது!"

"உனக்கு உன் நிழலு மேலயே சந்தேகம்டி,"ன்னா ரோசம்மா. மத்த ரெண்டு தூளியிலயும் அவளோட ரெட்டைப் பிள்ளைங்க.

"மாமா, நீங்களாவது பக்கவாட்டுல வந்து பாருங்க!"

"எங்க தாத்தா காலத்துலேருந்து நிக்குது. காலையில வந்தவ எனக்குக் கல்லு சொல்லித் தர்றியா?"ன்னாரு மேஸ்திரி.

அருளாயி தன் பிள்ளையை முந்தானையால நெஞ்சோட கட்டிக்கிட்டா. ரோசம்மா பிள்ளைங்களைக் கைக்கு ஒண்ணா அள்ளினா. எடுத்தா பாரு ஓட்டம், தடதடதடன்னு புளியமரத்துப் பக்கம்!

"ஐயோ, என் பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடுறாளே! புடிங்க!"

உளியைப் போட்டுட்டு பொம்பளைங்க ஓடினாங்க. கடப்பாரையைப் போட்டுட்டு ஆம்பளைங்க ஓடினாங்க. "அருளாயி, உனக்குப் புத்தி பெரண்டு போச்சா?"ன்னு செபமாலையும் ஓடினான். மரத்தடியில ரோசம்மா அருளாயி கொண்டையை எட்டிப் புடிச்சா. அறையறதுக்குக் கையை ஓங்கினா.

கிர்ர்ர்... சரசரசர... திடும்!

திரும்பிப் பார்த்தா, எங்கேயும் புழுதி. புழுதி அடங்கினா, தூளி கட்டின சுவரே இல்லை.

ரோசம்மா கொண்டையை விடவே இல்லை. அதையே கெட்டியா புடிச்சுக்கிட்டு, அருளாயி தோள்ல மூஞ்சியைப் புதைச்சு அழுதா.

மேஸ்திரி ஓடைப் பக்கம் போனாரு. பிறந்ததுலேருந்து மொத தடவையா பக்கவாட்டுல நின்னு பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. திரும்பி வந்து, "எந்த இடத்துல தூளி கட்டலாம், நீயே சொல்லு தாயி,"ன்னாரு.

அருளாயி புளியமரத்தை அண்ணாந்து பார்த்தா. ஒரு கிளையைப் புடிச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு தடவை உலுக்கினா.

"இன்னிக்கு மடியிலேயே கெடக்கட்டும் மாமா,"ன்னா.

அவ்வளவுதான் கண்ணு, கதை மடிக்கு வந்து சேர்ந்துடுச்சு. நீயும் கண்ணை மூடு, தூங்கு.